பாய்க் கயாக்கின் புற இருக்கை: எடை, மிதவை, கயிறு பற்றிய ஓர் ஆய்வு

கயாக் என்பது ஆர்க்டிக் கடலோரத்து இனுயிட், அலூட் மக்கள் மரச் சட்டத்தின்மேல் சீல் தோலைப் போர்த்திச் செய்துவந்த, ஒருவர் கால்நீட்டி அமர்ந்து இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகாகும். இன்று அது பெரும்பாலும் பாலித்தீன் வார்ப்பாகவோ கண்ணாடியிழைக் கட்டாகவோ வருகிறது என்றாலும், அதன் அகலம் பொதுவாக 55 முதல் 75 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுகிறது; துடுப்பு இருபுறமும் தடையின்றி நீரைத் தொட வேண்டுமானால் உடல் இதைவிட அகன்றிருப்பது தொல்லையே. துடுப்புக்கு உதவும் இந்த ஒடுக்கம் பாய்க்குப் பகையாகிறது. பாய் ஏற்றியவுடன் காற்றின் விசை நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் நின்று படகைப் பக்கவாட்டில் சாய்க்க, அதை எதிர்த்து நிற்கும் வலு ஒடுங்கிய உடலிடம் இருப்பதில்லை. ஆகவே பாய்க் கயாக் அமைப்போர் உடலின் இருபுறமும் குறுக்குத் தண்டுகளை நீட்டி, அவற்றின் முனைகளில் மிதவைகளைப் பொருத்துகின்றனர். இவ்வமைப்பைப் புறமிதவை எனலாம். பின்னர் அதே தண்டுகளின்மேல் ஒரு பலகையையோ வலையையோ கட்டி, செலுத்துபவர் உடலைவிட்டு வெளியே வந்து காற்று வீசும் பக்கமாக அமர இடம் செய்துகொள்கின்றனர். அதுவே இங்கு ஆராயப்படும் புற இருக்கை.

இவ்விருக்கைகளில் கணிசமானவை வீட்டுப் பட்டறைகளில் செய்யப்படுபவை. அலுமினியக் குழாய், கடற்தரத்து ஒட்டுப்பலகை, பூச்சிட்ட வலைத்துணி, சில திருகாணிகள் ஆகியவற்றைக் கொண்டு ஒரு வார இறுதியில் முடித்துவிடக்கூடிய வேலையாக அது தோன்றுகிறது. இருக்கை எவ்வளவு தூரம் வெளியே இருக்கலாம், அதன் சுமையை எந்த உறுப்பு தாங்குகிறது, செலுத்துபவர் இடம்பெயர்ந்தபின் கயிறுகளும் சுக்கானும் அவர் கைக்கு எப்படி வரும் என்னும் மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. இவற்றுக்குத் தனித்தனியே விடை தேடுவதே பெரும்பாலான பிழைகளின் வேர். இருக்கையின் தூரத்தைத் தீர்மானிக்கும்போது கட்டுவோர் பலத்த காற்றையே மனத்தில் வைத்துக் கணக்கிடுகின்றனர். உண்மையான எல்லையை வகுப்பதோ அக்காற்று திடீரென நின்றுபோகும் கணம். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

எடையை வெளியே கொண்டுசென்று பாயைச் சமன்செய்வது பழைய அறிவு. அதற்கு ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரு மரபுகள் உண்டு. முதலாவது மேலைநாட்டுக் கனூ மரபு. ஸ்காட்லாந்து வழியினரான ஜான் மக்ரிகர் 1865இல் ‘ராப் ராய்’ என்ற சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளிலும் ஏரிகளிலும் பயணம் செய்தார். சுமார் 4.6 மீட்டர் நீளமும் 71 சென்டிமீட்டர் அகலமும் 36 கிலோ எடையும் கொண்ட அப்படகில் ஒரு சிறு பாயும் இருந்தது. அவர் படகின் உள்ளேயே அமர்ந்திருந்தார் என்பதால் அப்பாய் துடுப்புக்குத் துணையாக மட்டுமே இருக்க முடிந்தது. இருபது ஆண்டுகளுக்குப்பின், 1886இல், வாரிங்டன் பேடன்-பவல் முதலிய ஆங்கிலேயர் அமெரிக்காவுக்குச் சென்று போட்டியிட்டபோது இரு கருத்துகள் நேருக்குநேர் மோதின. ஆங்கிலேயர் படகின் அடியில் ஈயக்கட்டிகளை வைத்து உள்ளே அமர்ந்து செலுத்த, அமெரிக்கர் சுமை எதுவும் ஏற்றாத இலகுவான படகின் மேல்தளத்தில் வெளிப்புறமாக அமர்ந்து தங்கள் உடலையே நகரும் எடையாக்கிக்கொண்டனர். வென்றது பின்னதே. அதே பத்தாண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்து லோவெல் நகரைச் சேர்ந்த பால் பட்லர் இக்கருத்தை இன்னொரு படி எடுத்துச்சென்று, படகின் குறுக்கே வைத்த ஒரு பலகையை எப்பக்கம் வேண்டுமோ அப்பக்கம் தள்ளி அதன் முனையில் அமரும் நகரும் இருக்கையைக் கொண்டுவந்தார். 1933இல் ஆங்கிலப் படகு வடிவமைப்பாளர் உஃபா ஃபாக்ஸும் ராஜர் டி குவின்சியும் அமெரிக்கா சென்று நியூயார்க் கனூ கழகத்தின் பன்னாட்டுக் கோப்பையை வென்றது இத்தகைய இருக்கை கொண்ட படகுகளில்தான். இன்றும் பத்துச் சதுர மீட்டர் பாய் கொண்ட பன்னாட்டுக் கனூ வகையில் இந்த இருக்கை தொடர்கிறது. இம்மரபில் மிதவை கிடையாது. பலகை நகரக்கூடியது என்பதையும், காற்றுக் குறைந்த கணமே செலுத்துபவர் உள்ளே சறுக்கி வந்துவிடுகிறார் என்பதையும் வீட்டில் இருக்கை செய்வோர் கவனிக்கத் தவறுகின்றனர்.

இரண்டாவது மரபு இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரியது. இலங்கையின் ஓரு எனப்படும் மீன்பிடிப் படகில் ஒடுங்கிய உடலுக்கு ஒரு பக்கத்தில் மட்டும், வளைந்த இரு தண்டுகளின் முனையில், கனத்த மரக்கட்டை ஒன்று மிதவையாகக் கட்டப்பட்டிருக்கும். பாய் விரித்தால் அம்மிதவை எப்போதும் காற்றுவரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், திசை மாற்றும்போது படகைத் திருப்பாமல் முன்தலையைப் பின்தலையாக்கிப் பாயை மாற்றிக் கட்டுவர். காற்று மிகுந்தால் ஆட்கள் தண்டுவழியே மிதவையை நோக்கி ஏறிச்செல்வர். காற்றின் வலுவை ஓராள் காற்று, ஈராள் காற்று என்று அளந்த வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் குறிப்புகள் வியப்போடு பதிவுசெய்துள்ளன. பாக்கு நீரிணையை ஒட்டிய தமிழ்க் கரையிலோ மிதவையே இல்லாமல், நீண்ட சமன்பலகையொன்றைக் காற்றுவரும் பக்கமாக வெளியே நீட்டி அதன்மேல் ஆட்கள் அமர்ந்து ஓட்டிய பாய்ப்படகுகள் இருந்தன. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆய்வில் இப்படகுகளுக்கு இடமளித்திருப்பது நம் நல்லூழ். பட்லரின் பலகையையும் பாக்கு நீரிணைப் பலகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், போட்டிக்காகப் படகோட்டியவரும் பிழைப்புக்காகப் படகோட்டியவரும் ஒரே தேவைக்கு ஒரே விடையை அடைந்திருப்பது தெரியும்.

இன்றைய பாய்க் கயாக் இவ்விரு மரபுகளையும் கலந்தது. 2000க்குப் பிந்திய பத்தாண்டின் இறுதியில் பரவலான ஹோபி நிறுவனத்தின் அட்வென்ச்சர் ஐலண்ட், டேன்டம் ஐலண்ட் ஆகிய படகுகள் இவ்வகைக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள். டேன்டம் ஐலண்ட் சுமார் 5.6 மீட்டர் நீளமும், மிதவைகள் விரிந்த நிலையில் ஏறத்தாழ 3 மீட்டர் அகலமும், 8 சதுர மீட்டரைச் சற்று மிஞ்சிய பாயும் கொண்டது. கால்மிதியால் இயங்கும் துடுப்பும் அதற்கு உண்டு. குறுக்குத் தண்டை ‘ஆக்கா’ என்றும் மிதவையை ‘ஆமா’ என்றும் பசிபிக் தீவுவாசிகளின் மொழிகளிலிருந்து பெற்ற பெயர்களால் அப்படகுகளை ஓட்டுவோர் குறிப்பிடுகின்றனர். உடலிலிருந்து வெளியேறி ஆக்காவின்மேல் அமர்வதற்குத் தாங்களே செய்துகொண்ட இருக்கைக்கு அவர்களிடையே ‘ஹாக்கா’ என்ற பெயர் வழங்குகிறது. ஃபிளாரிடாவின் டாம்பா விரிகுடாவிலிருந்து கீ லார்கோ வரை சுமார் 300 மைல் செல்லும் எவர்கிளேட்ஸ் சேலஞ்ச் போன்ற நெடுந்தூரப் பந்தயங்களில் இத்தகைய சிறு படகுகள் கலந்துகொள்கின்றன. நாள்கணக்கில் கடலில் இருக்க வேண்டிய நிலையில், கால்நீட்டி ஒரே குழியில் முடங்கியிருப்பதைவிட வெளியே வந்து அமர்வது உடலுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வசதிக்காகத் தொடங்கிய இந்த இருக்கை படகின் சமநிலையையே மாற்றிவிடுகிறது.

அந்த மாற்றத்தை எண்களால் பார்ப்பதே நல்லது. சாய்க்கும் வலுவையும் நிமிர்த்தும் வலுவையும் அளக்க, எடையை அது நிற்கும் தூரத்தால் பெருக்குவர். 10 கிலோ எடை 2 மீட்டர் தள்ளி நின்றால் அது 20 மீட்டர்-கிலோ. ஆறு சதுர மீட்டர் பாயுள்ள ஒரு கயாக்கை எடுத்துக்கொள்வோம். 12 நாட் வேகக் காற்றில், அதாவது மணிக்கு சுமார் 22 கிலோமீட்டர் வேகத்தில், அப்பாயின்மேல் பக்கவாட்டில் ஏறத்தாழ 17 கிலோ விசை விழும். பாயின் விசைமையத்துக்கும் நீருக்குள் படகைத் தடுத்து நிறுத்தும் மையத்துக்கும் இடையே 2.3 மீட்டர் என்று கொண்டால், சாய்க்கும் வலு சுமார் 40 மீட்டர்-கிலோ. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 18 நாட் காற்றில் இது 40இலிருந்து 90க்குத் தாவிவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில், 40 லிட்டர் கொள்ளளவுள்ள மிதவை நடுக்கோட்டிலிருந்து 1.3 மீட்டர் தூரத்தில் இருந்தால், அது முழுவதும் அமிழும்போது தரக்கூடியது 52 மீட்டர்-கிலோ மட்டுமே. இருபுற மிதவைகளின் சொந்த எடை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆக 12 நாட் காற்றில் நிம்மதியாக ஓடும் படகு 18 நாட் காற்றில் மிதவையை மூழ்கவிட்டுக் கவிழத் தொடங்கும். இந்த இடத்தில்தான் புற இருக்கை கைகொடுக்கிறது. 75 கிலோ எடையுள்ளவர் நடுக்கோட்டிலிருந்து 90 சென்டிமீட்டர் வெளியே அமர்ந்தால் 67 மீட்டர்-கிலோ கூடுதலாகக் கிடைக்கிறது. மொத்தம் 119 ஆகிவிடுவதால் 20 நாட்டைத் தாண்டியும் அப்படகு நிமிர்ந்து நிற்கும். கணக்கு இதோடு முடிந்துவிட்டதாக எண்ணித்தான் பலர் இருக்கையை இயன்றவரை வெளியே வைத்துவிடுகின்றனர்.

ஆனால் காற்று எப்போதும் ஒரே சீராக வீசுவதில்லை. ஒரு தீவின் மறைவில் படகு நுழையும்போதோ, மழைமேகம் கடந்தபின்னோ, திசைமாற்றும்போது பாய் காற்றை இழக்கும் நொடியிலோ, சாய்க்கும் வலு சட்டென்று சுழியமாகிவிடுகிறது. அப்போது அதே 67 மீட்டர்-கிலோ, தடுப்பதற்கு எதிர்விசை இல்லாமல், அவர் அமர்ந்திருக்கும் பக்கத்து மிதவையின்மேல் இறங்குகிறது. அந்த மிதவை தாங்கக்கூடியதோ 52. ஒடுங்கிய உடலின் சொந்த நிலைப்பு சிறிது உதவினாலும் மிதவை அமிழ்ந்துவிடும். பாய் எதிர்க்காற்றைப் பெற்றால் படகு செலுத்துபவரின் தலைமேலேயே கவிழும். பின்னோக்கிக் கணக்கிட்டால், 75 கிலோ எடைக்கு 52 மீட்டர்-கிலோ தாங்கும் தூரம் 69 சென்டிமீட்டர். அலைக்கும் அசைவுக்கும் இடம்விட்டு மிதவையின் மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நம்புவதாக வைத்துக்கொண்டால் அது 46 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. எழுபது சென்டிமீட்டர் அகலமுள்ள கயாக்கின் விளிம்பே 35 சென்டிமீட்டரில் இருப்பதால், நிலையான இருக்கை படகை ஏறத்தாழ ஒட்டியே அமைய வேண்டும் என்பது இதன் பொருள். வெளியே செல்ல விரும்புபவருக்கு இரண்டு நேர்மையான வழிகள் உள்ளன. ஒன்று, மிதவையைப் பெரிதாக்குவது: 60 லிட்டர் மிதவையை 1.4 மீட்டரில் வைத்தால் அதே பாதுகாப்பு விளிம்போடு இருக்கை 75 சென்டிமீட்டர் வரை போகலாம். மற்றொன்று, பட்லர் செய்ததுபோல இருக்கையை நகரும்படி அமைத்து, காற்றுக்கு ஏற்ப உள்ளும் வெளியும் வந்துபோவது. மிதவையைத் தொடாமல் நிலையான பலகையை மட்டும் நீட்டுவது, காற்றுள்ளபோது பலமாகத் தோன்றி, காற்றற்றபோது கைவிடும் ஏற்பாடு. இருவர் ஒரே பக்கத்தில் அமர்வதும், செலுத்துபவர் நினைவின்றி மறுபக்க இருக்கைக்கு மாறிவிடுவதும் இதே கணக்கின்படி இன்னும் ஆபத்தானவை. மறுபக்கத்துக்கு மாறும்போது பாயின் விசையும் ஆளின் எடையும் ஒரே மிதவையின்மேல் சேர்ந்து விழுகின்றன.

சுமையைத் தாங்கும் உறுப்புகளைப் பொறுத்தவரை, பொதுவாக அஞ்சப்படும் இடமும் உண்மையில் உடையும் இடமும் வேறுவேறு. இருக்கை கட்டுவோரின் முதல் கவலை குழாய் வளைந்துவிடுமோ என்பதுதான். வெளிவிட்டம் 50 மில்லிமீட்டரும் சுவர் 3 மில்லிமீட்டரும் உள்ள அலுமினியக் குழாய்கள் இரண்டின்மேல், படகின் விளிம்பிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி 75 கிலோ எடை அமர்ந்தால், குழாயில் எழும் தகைவு அதன் தாங்குதிறனில் ஒரு சிறு பகுதியே; அலையில் எழுந்து விழும்போது சுமை மும்மடங்காகும் என்று வைத்தாலும் நல்ல தரக் குழாய் தாங்கிவிடும். அப்படித் தாங்கும் குழாயில், வளைவு உச்சமாக இருக்கும் விளிம்பருகே, இருக்கையைப் பொருத்துவதற்காகத் துளையிடும்போதுதான் அது கெடுகிறது. துளையைச் சுற்றித் தகைவு குவிகிறது; துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி உப்புநீரில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, இரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு தொடங்கித் துளை வெண்பொடியாகப் பூத்து விரிகிறது. துளையைத் தவிர்த்து இறுகுபட்டையாலோ கயிற்றுக் கட்டாலோ இருக்கையைப் பிணைப்பதும், தவிர்க்க இயலாத இடத்தில் நைலான் வளையமும் காப்புப் பசையும் இடுவதும் இதற்கு மருந்து.

பாலித்தீன் உடலோடு தண்டு சேரும் மூட்டு இதைவிட நுட்பமானது. பாலித்தீன் அடி தாங்கும், மோதல் தாங்கும். ஆனால் தொடர்ந்த சுமையின்கீழ் மெல்லமெல்ல நெகிழ்ந்து உருமாறும் இயல்புடையது. பசை அதன்மேல் எளிதில் ஒட்டாது. ஆகவே திருகாணி ஒன்றைத் துளைவழியே செருகி முடுக்கிவிட்டால், சில மாதங்களில் துளை நீள்வட்டமாகி நீர் கசியத் தொடங்கும். உட்புறம் அகன்ற தாங்குதகடு வைத்துச் சுமையைப் பரப்புவதே சரியான முறை. இதில் பசிபிக் மரபு கற்றுத்தருவது ஏராளம். 1975இல் ஹவாயில் கட்டி, 1976இல் தாகித்திவரை ஓட்டிச்சென்ற ‘ஹோகுலேயா’ இரட்டை உடற் கப்பலில் குறுக்குத் தண்டுகள் உடல்களோடு கயிற்றாலேயே பிணைக்கப்பட்டுள்ளன. கயிற்றுக் கட்டு அலைக்குச் சிறிது இசைந்துகொடுத்து, சுமையைப் பல சுற்றுகளுக்குப் பங்கிட்டுவிடுகிறது. ஒரு சுற்று அறுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்கின்றன, தேய்வு கண்ணுக்குத் தெரிகிறது. உலோக ஆணியோ கடைசி நொடிவரை முழுமையாகத் தோன்றி, பிறகு ஒரேயடியாக முறிகிறது.

எந்த உறுப்பு முதலில் உடைய வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்து கட்டுவது இவ்வகைப் படகுகளின் உயர்ந்த அறிவு. ஐலண்ட் படகுகளில் குறுக்குத் தண்டின் தாங்குகம்பியை உடலோடு பிணைக்க ஒரு நெகிழி ஆணி பயன்படுத்தப்படுகிறது. மிதவை பாறையிலோ கரையிலோ மோதினால் விலை குறைந்த அந்த ஆணி முறிந்து, தண்டு பின்னோக்கி மடங்க, உடல் பிழைத்துக்கொள்கிறது. புற இருக்கை கட்டி எடையைக் கூட்டியபின் இந்த ஆணி அடிக்கடி முறிவதைக் கண்டவர்க்கு அதை எஃகு ஆணியாக மாற்றிவிடத் தோன்றுவது இயல்பு. ஆயினும் அப்படிச் செய்தால் சுமை மறைந்துவிடாது. அது தண்டுக்கும், தண்டைத் தாங்கும் உடற்பகுதிக்கும் இடம்மாறும். நடுக்கடலில் ஓர் ஆணியை மாற்றிக்கொள்ளலாம், கிழிந்த உடலை மாற்ற இயலாது. ஆணியை அப்படியே விட்டு, அது முறிந்தாலும் தண்டு முழுவதும் மடங்கிவிடாதபடி முன்தண்டையும் பின்தண்டையும் இணைத்து ஒரு காப்புக் கயிறு கட்டுவதும், மாற்று ஆணிகள் சிலவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பதும் ஓட்டுவோர் அனுபவத்தால் கண்டடைந்த சிறந்த வழி.

இருக்கையின் மேற்பரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முழுப்பலகை அமர்வதற்கு உறுதியானது; ஆனால் காற்று ஒதுங்கும் பக்கத்தில் அது நீருக்கு அருகே தாழ்வதால், அலை அதன் அடியில் அறைந்து படகை நிறுத்தும், சில வேளை நீரைக் கோரி அள்ளும். வலை நீரை வழியவிடுகிறது, எடையும் குறைவு. தளர்ந்தால் மட்டும் அமர்பவர் குழிக்குள் இறங்கிவிடுவார். பூச்சிட்ட பாலியெஸ்டர் வலைத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒவ்வொரு பருவத்திலும் மீண்டும் இறுக்குவது இரண்டுக்கும் நடுவழி. வீட்டுக் குழாய்ப்பணிக்கான பிவிசி குழாய் மலிவு என்பதால் அடிக்கடி கையாளப்படுகிறது. சுமையின்கீழ் அது நெளியும், வெயிலில் நொறுங்கும், ஆளைத் தாங்கும் உறுப்பாக அதை வைக்கலாகாது. ஓட்டாத நேரத்தில் மடித்து உடலோடு ஒட்டிவைக்க இயலாத இருக்கை, ஒடுங்கிய துறைக்குள் நுழையும்போது பெருஞ்சுமையாகிவிடும் என்பதையும் கட்டும்போதே நினைக்க வேண்டும்.

செலுத்துபவர் வெளியே வந்தவுடன் பாய்க்கயிறுகளின் அமைப்பு முழுவதும் மாறியாக வேண்டும். கயாக்கின் உள்ளே அமர்ந்தவருக்காக வைத்த கைப்பிடியும் கொளுவியும் அறுபது எழுபது சென்டிமீட்டர் தூரத்தில் விலகிவிட, அவர் ஒவ்வொரு முறையும் குனிந்து உள்ளே எட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் குனியும் கணத்தில் எடை உள்ளே நகர்கிறது, படகு சாய்கிறது. பாயை இழுத்துத் தளர்த்தும் முதன்மைக் கயிறு இவற்றுள் தலையாயது. அதைப் படகின் நடுவே ஒரு கப்பி வழியாகக் கொண்டுவந்து, எப்பக்கம் இழுத்தாலும் அப்பக்கம் திரும்பும் சுழல்பீடத்தில் பொருத்தினால் இரு இருக்கைகளிலிருந்தும் கைக்கு எட்டும். கப்பிகளைக் கூட்டி மூன்று மடங்கு இலகுவாக்கினால் கை ஓய்வு பெறும். ஆனால் காற்று அறையும்போது கயிறு மூன்று மடங்கு நீளம் ஓடித்தான் பாய் தளரும் என்பதால், சிறு பாய்க்கு இரண்டு மடங்கே போதுமானது. நான்கு மில்லிமீட்டர் கயிறே வலுவில் போதுமென்றாலும் உள்ளங்கையை அறுக்கும். ஆறு முதல் எட்டு மில்லிமீட்டர் தடிமன் கைக்கு ஏற்றது. புற இருக்கையில் அமர்ந்தவர் இக்கயிற்றைக் கொளுவியில் பூட்டிவிட்டு மறந்திருப்பது பெரும் பிழை. அவருடைய எடை படகை நிமிர்த்திப் பிடித்திருப்பதால் காற்று ஏறுவது சாய்வின்மூலம் அவருக்குத் தெரிவதில்லை. தெரியவரும்போது விடுவிக்க நேரம் இருப்பதில்லை.

சுக்கானுக்கும் இதே நிலைதான். உட்குழியின் பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலை வெளியே இருந்து இயக்க, முனையில் திருகுமூட்டு வைத்த நீட்டுக்கோலையோ, இரு இருக்கைகளையும் சுற்றிவரும் முடிவற்ற கயிற்று வளையத்தையோ அமைக்கின்றனர். கோல் துல்லியமானது, கயிற்று வளையம் இடத்தை அடைப்பதில்லை, ஆனால் தொய்ந்தால் சுக்கான் தாமதித்துத் திரும்பும். எடை வெளியே போனதால் படகு அதிகப் பாயைத் தாங்குகிறது, அதிகப் பாய் அதிக வேகத்தையும் பக்கவாட்டு விசையையும் தருகிறது. முன்பு போதுமாயிருந்த சுக்கான் அலகும் நடுப்பலகையும் இப்போது சிறியனவாகிவிடும். பக்கவாட்டு நழுவலைத் தடுக்க நீருக்குள் இறக்கும் தகடே நடுப்பலகை. இருக்கையைக் கட்டியபின் படகு முன்போல் காற்றை எதிர்த்து ஏறவில்லை என்று வருந்துவோர், பாயைக் குறைசொல்வதற்குமுன் இவ்விரு தகடுகளின் பரப்பைப் பார்ப்பது நலம்.

பாயைப் பெருக்கும் ஆசையே மேம்பாடுகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டுவது. இவ்வகைப் படகுகளில் பல, தாங்குகயிறு இல்லாமல் தனித்து நிற்கும் பாய்மரம் உடையவை. பாய் அம்மரத்தையே சுற்றி உருளும். காற்று அறையும்போது மெல்லிய மரம் வளைந்து, பாயின் மேற்பகுதி தானாகத் திறந்து காற்றைச் சிந்திவிடும். தாங்குகயிறுகளைத் தண்டு முனைகளிலிருந்து மரத்தின் உச்சிக்குக் கட்டி, முன்புறம் ஒரு சிறு பாயையும் ஏற்றுவோர் வேகத்தைப் பெறுகின்றனர். அதற்கு விலையாக மரத்தின் வளைவு என்னும் இயற்கைப் பாதுகாப்பை இழக்கின்றனர். கயிறுகளின் இழுவை முழுவதும் மரத்தைக் கீழ்நோக்கி அழுத்த, அது நிற்கும் குழியின் அடித்தளம் தேயத் தொடங்குகிறது. குழிக்குள் விழுந்த மணல் அரத்தைப்போல் அராவும் என்பதால் அடியில் ஒரு தேய்வுத்தட்டு வைப்பது இன்றியமையாதது. முன்பாய் விசைமையத்தை முன்னே நகர்த்துவதால், சுக்கானை விட்டால் காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும் நல்ல இயல்பு போய், காற்றைவிட்டு விலகி வேகமெடுக்கும் தீய இயல்பு வரக்கூடும். தனியாகக் கடலோடுபவர் நீரில் விழுந்துவிட்டால், நின்று காத்திருக்கும் படகுக்கும் ஓடிவிடும் படகுக்கும் உள்ள வேறுபாடு அவருடைய உயிர்தான்.

இவற்றோடு ஒப்பிட, பாயைக் குறைப்பதற்கான கயிற்றை நன்றாக அமைப்பது சிறு செலவில் பெரும்பயன் தரும் மேம்பாடு. பாயைச் சுருட்டும் கயிற்றை இரு இருக்கைகளுக்கும் எட்டும்படி நீட்டி, அதை இழுக்கும்போது முதன்மைக் கயிறு தானே தளர்ந்தோட வழிசெய்தால், வெளியே அமர்ந்தவர் இடம்விட்டு எழாமலே மூன்று நான்கு சுற்றுப் பாயைக் குறைத்துவிடலாம். பாயின் கீழ்விளிம்பையும் முன்விளிம்பையும் இழுத்துத் தட்டையாக்கும் சிறு கயிறுகள் அடுத்து வருபவை. உருண்ட பாய் பைபோல் உப்பிக்கொள்ளும் குறையை இவை ஓரளவு தணிக்கின்றன. நீளாத உயர்வலுக் கயிறாகிய டைனீமா இவ்விடங்களுக்குப் பொருந்தும் என்றாலும், அது வழுவழுப்பானது. சாதாரண முடிச்சு அதில் நழுவிவிடும் என்பதால் இழைபின்னிய கண்ணியே நம்பத்தக்கது.

புற இருக்கை கட்டியவர் கவிழ்ந்த படகை நிமிர்த்திப் பார்க்காமல் கடலுக்குள் போகலாகாது. விரிந்த மிதவைகளோடு தலைகீழாகிவிட்ட படகு, நிமிர்ந்திருந்தபோது காட்டிய அதே நிலைப்பைத் தலைகீழாகவும் காட்டும். ஒரு பக்க மிதவையை மடித்து, மறுபக்கத்திலிருந்து கயிறு கட்டி இழுத்தே அதை எழுப்ப முடியும். நிலையாகப் பூட்டிய இருக்கை அந்த மடிப்பைத் தடுத்துவிட்டால் எழுப்புவதற்கு வழியில்லை. 1956இல் ஹன்னஸ் லிண்டமன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 5.2 மீட்டர் நீளமுள்ள மடிப்புக் கயாக்கில் 72 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, பயணத்தின் பின்பகுதியில் கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு ஓர் இரவின் பெரும்பகுதியைக் கழிக்க நேர்ந்தது. பெருங்கடலைக் கடக்கும் மனவுறுதி கொண்டவருக்கும் இருட்டில் படகை நிமிர்த்துவது அவ்வளவு கடினமாயிருந்தது. இருக்கையின் பூட்டு ஈரக்கையால், கண்ணால் பாராமல், நீருக்குள்ளிருந்தே விடுவிக்கக்கூடியதா என்பதை இடுப்பளவு நீரில் சோதித்தறிய வேண்டும்.

அதே இடுப்பளவு நீரில், பாயைச் சுருட்டிவைத்துவிட்டு, 25 லிட்டர் தண்ணீர்க் குடம் மூன்றை இருக்கையின்மேல் ஏற்றி ஒவ்வொரு கைச்சாண் அளவாக வெளியே நகர்த்திக்கொண்டே போனால், மிதவை எந்த இடத்தில் மூன்றில் இரண்டு பங்கு அமிழ்கிறது என்பது எந்தக் கணக்கும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவ்விடத்தில் இரு தண்டுகளையும் சுற்றி அழியாத வண்ணத்தால் ஒரு கோடு இட்டு, இருக்கையின் நடுப்பகுதி அக்கோட்டைத் தாண்டாதபடி ஒரு தடுப்புக்கட்டையைக் கட்டிவிட வேண்டும்.